டார்க் தேடிய தாய்மாமன்

ஓணான் கரடு என்று ஒரு குன்று. அதன் அடிவாரத்தில், கடவுள் கொடுத்த மூளை தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக எடுத்து வைத்து, அவசரத்துக்குக்கூட வெளியே எடுக்காத குடும்பம் ஒன்று இருந்தது. அண்ணன் பொன்னையன், தம்பி ராக்கியப்பன், கடைக்குட்டியாகத் தங்கை மயிலாத்தாள். அவள் மட்டும் அவ்வப்போது மூளையைப் புழங்குவாள். அதனால் அவளுக்கு அடிக்கடி தலைவலி வரும்.

மயிலாத்தாளின் பையனுக்குக் கரட்டு உச்சியிலுள்ள குலதெய்வம் கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். பையனைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் இரண்டு பேர், பையன் ஒருவன். அங்கேதான் சிக்கல்.

"மூத்தவன் நானு. என்ற மடிதான்" என்றார் பொன்னையன்.

"பையனுக்கு என்ற மூக்கு. அதனால என்ற மடிதான்" என்றார் ராக்கியப்பன். பிறந்ததிலிருந்து அண்ணன் போட்டுக் கழித்த சட்டையையே போட்டு வளர்ந்தவர் அவர். இந்த ஒரு காரியத்திலாவது முதல் ஆளாக இருக்க வேண்டும் என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

இருவரும் கத்திய கத்தலில் மயிலாத்தாளுக்குத் தலைவலி வந்துவிட்டது. "நாளைக்குக் காலையில ரெண்டு பேருல ஆரு முன்னாடி கோயிலுக்கு வர்றீங்களோ, அவங்க மடியில உக்காரவெக்கறேன். இப்ப எந்திரிச்சுப் போங்க!" என்றாள்.

இருவரிடமும் கார் இருந்தது. இரண்டுமே பின்னால் டிக்கி நீளாமல் வாலறுந்த மாதிரி நிற்கும் குட்டை வண்டிகள். பக்கவாட்டில் பந்தயக் கோடு ஒட்டி, பார்த்தாலே சீறும் போலிருக்கும். ராக்கியப்பனுடையது சிவப்பு, பெட்ரோல். பொன்னையனுடையது சாம்பல், டீசல்.

ராக்கியப்பன் நேராக மெக்கானிக் இப்ராகிமிடம் போனார். கூடவே உயிர்த்தோழர்கள் சேனாபதியும் தம்பணனும் போனார்கள். எதிர் டீக்கடையில் பொன்னையன் வடை தின்றபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

இப்ராகிம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ராக்கியண்ணா, உங்களது சின்ன என்ஜினு. கீழ ஒண்ணும் இருக்காது. பவரெல்லாம் மேலதான். வண்டிய நல்லாக் கத்த விடோணும். முள்ளு போயிச் சிவப்பைத் தொடோணும். உங்கண்ணன் வண்டியில டார்க் ஜாஸ்தி. கீழயே டார்க் கெடைக்கும். கியரே மாத்த வேண்டாம், அப்பிடியே ஏறிரும்."

பொன்னையன் கடைசி வாக்கியத்தை மட்டும் வடையோடு சேர்த்து விழுங்கிக்கொண்டு எழுந்து போனார்.

ராக்கியப்பனும் தோழர்கள் இருவரும் புளியமரத்தடியில் கூடி யோசனையில் இறங்கினார்கள்.

"டார்க்குன்னா என்னப்பா?" என்றார் ராக்கியப்பன்.

இப்ராகிம் டார்க் என்றது என்ஜினின் இழுவிசையை; கீழ, மேல என்றது அது சுற்றும் வேகத்தை. சேனாபதி கோயமுத்தூர் போய்வந்தவர். இங்கிலீஷ் விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். "டார்க்குன்னா இருட்டு" என்றார்.

"இருட்டு இருந்தா மலை ஏறுமா?"

"மெக்கானிக்கே சொல்றான். கீழயே கெடைக்கும்னு வேற சொன்னானே, போயிப் பாத்துருவோம்."

மூவரும் மாட்டுக் கொட்டகையில் நின்ற பொன்னையன் வண்டிக்குப் பக்கத்தில் மண்டிபோட்டுக் குனிந்து அடியில் பார்த்தார்கள். கும்மிருட்டாக இருந்தது.

"அடேங்கப்பா! எத்தனை டார்க்கு!" என்றார் தம்பணன், பொறாமையோடு.

ஓடிவந்து தங்கள் வண்டிக்கு அடியிலும் பார்த்தார்கள். வண்டி வெயிலில் நின்றதால் ஓரமெல்லாம் வெளிச்சம் புகுந்திருந்தது. உள்ளே ஒரு கோழி படுத்திருந்தது. அதுவும் வெள்ளைக் கோழி.

"இருக்கற கொஞ்ச இருட்டையும் கோழி கெடுக்குதே!" என்று ராக்கியப்பன் அதை விரட்டினார்.

உடனே வேலை ஆரம்பமானது. கறுப்புக் கம்பளிகளைக் கொண்டுவந்து கதவு, கண்ணாடி, கூரை என்று வண்டி முழுக்கப் போர்த்திக் கயிற்றால் கட்டினார்கள். ராக்கியப்பன் உள்ளே உட்கார்ந்து பார்த்தார். தன் கை தனக்கே தெரியவில்லை.

"டார்க் தளும்புது! ஆனா பாதை தெரியலையே?"

"முன்னால ஒரு ஓட்டை போடலாம்" என்றார் தம்பணன்.

சேனாபதி அதிர்ந்துபோனார். "ஓட்டை போட்டா இருட்டெல்லாம் ஒழுகிப் போயிராதா?"

இது நியாயமான கேள்வி. வெகுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஓட்டை போடுவது, ஓட்டுகிறவர் கூலிங்கிளாஸ் போட்டுக்கொள்வது. கூலிங்கிளாஸ் வழியாகப் பார்த்தால் வெளியிலும் இருட்டுதான். உள்ளேயும் வெளியேயும் இருட்டாக இருக்கும்போது எது எங்கே ஒழுகும்?

அடுத்தது பவர். "பவரெல்லாம் மேலதான்னு சொன்னான். மேலன்னா கரட்டு மேல. நாம இருக்கறது கீழ. ஆராச்சும் போயி எடுத்தாந்தாத்தான் உண்டு" என்றார் ராக்கியப்பன்.

தம்பணன் ஒரு கோணிப்பையோடு கரடு ஏறினார். உச்சியில் பூசாரியிடம் "சாமி, இங்க பவர் எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். எல்லாம் அம்மன் பவர்தான், எங்கே பார்த்தாலும் இருக்கிறது என்றார் பூசாரி. தம்பணன் பையை விரித்துப் பிடித்து, நாலா பக்கமும் ஓடி, பையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

சேனாபதி பையைத் தூக்கிப் பார்த்தார். "கனமே இல்லையே?"

"கனமா இருந்தா வண்டி ஏறுமா? இது ஒசந்த சரக்கு."

பானெட்டைத் திறந்து பையை உதறிக் கொட்டினார்கள். ஒரு வெட்டுக்கிளி விழுந்தது. பவர் வந்துவிட்டது என்று மூவரும் கும்பிட்டுக்கொண்டார்கள்.

கடைசியாக முள். வண்டிக்குள் என்ஜின் வேகம் காட்டும் வட்டத்தில் முள் அடியில் படுத்திருக்க, சிவப்புக் கோடு அந்தக் கோடியில் இருந்தது. "இத்தனை தூரம் முள்ளு எப்பப் போயித் தொடறது?" என்று கவலைப்பட்டார் ராக்கியப்பன். சேனாபதி குங்குமத்தைக் குழைத்து, முள் படுத்திருந்த இடத்திலேயே ஒரு பொட்டு வைத்தார். என்ஜினை முடுக்காமலே முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. "நின்ன எடத்துலயே இந்த வேகம்னா, கெளம்புனா என்னாகும்!" என்று தம்பணனுக்கு வியர்த்தது.

பொழுது விடிந்தது. மயிலாத்தாள் பையனோடும் சொந்தக்காரர்களோடும் முன்கூட்டியே வேனில் மேலே போய்விட்டாள்.

பொன்னையன் மாட்டுக் கொட்டகையில் நின்ற வண்டியை ரிவர்ஸ் எடுத்துப் பாதைக்கு வந்தார். முன் கியர் போடக் கையைக் கொண்டுபோனவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கியரே மாத்த வேண்டாம் என்றல்லவா சொன்னான்? பின்னால் கழுத்தைத் திருப்பியபடி ரிவர்ஸிலேயே கரட்டைப் பார்த்துக் கிளம்பினார். டீசல் வண்டி நிதானமாக, உறுமாமல் முனகாமல் ஏறிக்கொண்டே போனது.

ராக்கியப்பன் புது வேட்டி, புதுத் தோல்செருப்பு, கூலிங்கிளாஸ் சகிதம் வண்டியில் ஏறினார். பக்கத்தில் தம்பணன். பின்னால் சேனாபதி. கம்பளிக்குள் வெந்துகொண்டே கிளம்பினார்கள். ராக்கியப்பன் பெட்ரோலுக்கு வலிக்காமல் மெதுவாக மிதித்தார். முதல் வளைவு ஏறும் முன்பே வண்டி நாலு உதறு உதறி நின்றுவிட்டது.

"கத்த விடலையே நாம!" என்றார் தம்பணன். ஹாரனை அமுக்கினார்கள்.

"இது கூவறது. கத்தறது வேற" என்று சேனாபதி திருத்தினார். "நாம கத்துனா அதுவும் பாத்துக் கத்தும்."

மூவரும் சேர்ந்து கத்தினார்கள். வண்டி அசையவில்லை. சேனாபதி இறங்கித் தள்ள, ராக்கியப்பன் மறுபடி முடுக்கி முதல் கியரைப் போட்டார். அந்த நேரம் பார்த்துப் புதுச்செருப்பு கழன்று, ஆக்சிலேட்டருக்கு மேல் போய் இறுக்கமாக மாட்டிக்கொண்டது.

என்ஜின் அலறியது. இப்ராகிம் கத்த விடச் சொன்னது இதைத்தான். முள் குங்குமப் பொட்டை விட்டுத் துள்ளி, அந்தக் கோடியில் இருந்த நிஜச் சிவப்பில் போய் நின்றது. வண்டி எகிறிப் பாய்ந்தது. தள்ளிக்கொண்டிருந்த சேனாபதி காற்றைத் தள்ளியபடி குப்புற விழுந்தார்.

"தம்பணா, வண்டிக்கு எங்கியோ வலிக்குது! இப்பிடிக் கதறுதே!"

"தடவிக் குடுங்க!"

ராக்கியப்பன் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் ஒரு கையால் டேஷ்போர்டையும் தடவிக்கொடுத்தபடி வளைவு வளைவாகப் பறந்தார். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குஷி, சின்ன வயசில் அண்ணனுக்குத் தெரியாமல் அண்ணன் பட்டத்தை விட்ட மாதிரி.

கடைசி வளைவில் பொன்னையன் வண்டி தெரிந்தது. அதன் முகம் இவர்களைப் பார்த்து இருந்தது.

"போச்சு! அண்ணன் காதுகுத்தை முடிச்சுட்டுத் திரும்பி வர்றாரு!" கூலிங்கிளாஸுக்குள் கண்ணீர் தேங்கியது.

தம்பணன் ஓட்டை வழியாகக் கூர்ந்து பார்த்தார். "வரலைங்க. போறாரு. நம்ம வேகத்தைப் பாத்துப் பயந்து பின்வாங்கறாரு!"

இருவரும் கத்திக்கொண்டே துரத்தினார்கள். சாம்பல் வண்டியின் பின்பக்கம் கோயில் வாசலைத் தொட்டது. அடுத்த நொடி சிவப்பு வண்டி, கோயில் மாட்டுக்கு வைத்திருந்த வைக்கோல்போரில் போய்ச் சொருகி நின்றது.

"நாந்தான் முன்னாடி வந்தேன்!" என்று இறங்கினார் பொன்னையன். ஏறிய நேரமெல்லாம் திருப்பியே வைத்திருந்ததில் அவர் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது.

"நீங்க எங்கீங்கண்ணா முன்னாடி வந்தீங்க? பின்னாடிதான வந்தீங்க! ஊரே பாத்துது. நாந்தான் முன்னாடி வந்தேன்."

பொன்னையன் யோசித்தார். தான் வந்தது பின்னாடிதான். "ஆனா உனக்கு முன்னாடி பின்னாடி வந்தேனில்ல?"

"நான் உங்களுக்குப் பின்னாடி முன்னாடி வந்தேனுங்களே!"

கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தலை சுற்றியது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று பூசாரி மணி அடித்தார். மயிலாத்தாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அலறினாள்: "ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து தொலைங்க!"

ஒன்றாக உட்காருவது எப்படி? அண்ணன் தம்பி இருவரும் அமைதியாக ஆலோசித்தார்கள். பிறகு பொன்னையன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் மடியில் ராக்கியப்பன் உட்கார்ந்தார். ராக்கியப்பன் தன் மடியில் பையனை வாங்கி வைத்துக்கொண்டார்.

காது குத்தும் ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார். "ஆருக்குங்க குத்தறது?"

"மடியில உக்காந்திருக்கறவங்களுக்குக் குத்துங்க, நேரமாச்சு!" என்றாள் மயிலாத்தாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஆசாரியும் அந்த ஊர்க்காரர்தான். மடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பெரியவருக்கு முதல் மரியாதை செய்வதுதானே முறை? ராக்கியப்பனின் இரண்டு காதையும் சட்சட்டென்று குத்திவிட்டார். அப்புறம் பையனுக்கும் குத்தினார். பையன் அழவில்லை. மாமன் அழுததை வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அழுது முடித்த ராக்கியப்பன், மடியை விட்டு இறங்காமலே முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அண்ணா, உங்க மடியில வெச்சு எனக்குக் காது குத்தியாச்சு. அப்ப நீங்க எனக்குத் தாய்மாமனுங்களா?"

பொன்னையன் கோணின கழுத்தைத் தடவிக்கொண்டார். "மொறைன்னா மொறைதான்டா. இனி அண்ணான்னு கூப்பிடாத."

"சேரிங்க மாமா. அப்ப மயிலாத்தா உங்களுக்குத் தங்கச்சி. தாய்மாமனோட தங்கச்சி எனக்கு என்ன வேணுமுங்க?"

இருவரும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்கள். மயிலாத்தாள் பையனுக்கு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். இவர்கள் பார்த்த பார்வையிலேயே விஷயம் புரிந்துவிட்டது அவளுக்கு. பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கரட்டுப் படியில் மடமடவென்று இறங்கி ஓட ஆரம்பித்தாள்.

"அம்மா!" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னால் ஓடினார் ராக்கியப்பன். "தம்பிய எறக்கி உட்டுட்டு என்னைத் தூக்கும்மா!"