எதற்கும் இல்லாத ஆட்டம்

தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் பேச்சிமுத்துவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. நாற்பது வயதைக் கடந்தவர். மனைவியின் வற்புறுத்தலால் சக்கர நாற்காலியில் அந்த மலையடிவார ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே குருவாக இருந்த நாச்சியார் அவரைவிட இளையவர்.

வந்த நாளிலிருந்து பேச்சிமுத்துவுக்கு ஒரே கேள்விதான்.

"அம்மா, இந்த உடம்போட நான் நிறைவா வாழ முடியுமா, முடியாதா? பதில் இல்லைன்னா நாளைக்கு ஊருக்குப் போறேன். விட்டத்தைப் பார்த்துக்கிட்டு வீட்டுலயே கிடக்கேன்."

நாச்சியார் கேரம் பலகையை எடுத்துவந்து பவுடர் தூவினார்.

"விளையாடுவோமா?"

பேச்சிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஆஸ்பத்திரியிலயும் இதே பாட்டுதான். பந்தைப் பிடி, விரலுக்கு நல்லது. படம் வரை, மனசுக்கு நல்லது. நல்லது செஞ்சே கொல்லுறாங்க! இது எதுக்கு நல்லது?"

"எதுக்கும் இல்ல."

பேச்சிமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பலகை அருகே நகர்த்தினார்.

முதல் ஆட்டத்தில் நாச்சியார் அவரைத் தலைதூக்கவே விடவில்லை. அடுத்ததிலும் அப்படித்தான்.

பார்த்துக்கொண்டிருந்த மூத்த சீடர் வைகுண்டம் குனிந்து, "அம்மா, பாவம். ஒரு ஆட்டமாவது விட்டுக்கொடுங்களேன்" என்றார்.

"யாருய்யா பாவம்?" என்று சீறினார் பேச்சிமுத்து. "தள்ளி நில்லும், வெளிச்சத்தை மறைக்கீரு! அம்மா, நீங்க விட்டுக்கொடுத்தீங்க, பலகையைத் தூக்கி எறிஞ்சிருவேன்."

நாச்சியார் விட்டுக்கொடுக்கவில்லை.

"பலகை சாய்வா இருக்கு!"

"எனக்கும் அதே சாய்வுதான்."

"ஸ்டிரைக்கர் சரியில்ல!"

"மாத்திக்கிடுங்க."

சாப்பாட்டு மணி அடித்தது. இருவரும் அசையவில்லை. பேச்சிமுத்து பல்லைக் கடித்தார், தொடையில் அறைந்துகொண்டார், மறுபடியும் காய்களை அடுக்கினார். நாச்சியாரின் காய் ஒன்று குழியருகே தட்டித் திரும்பியபோது வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

வைகுண்டத்துக்குப் பொறுமை போயிற்று.

"ஐயா, உங்க கேள்வி என்னாச்சு? அம்மா இன்னும் பதிலே சொல்லலையே!"

"கொஞ்சம் இரும்யா, சிவப்புக் காய் மூலையில நிக்குது."

"அம்மா, நீங்களாவது சொல்லக்கூடாதா?"

நாச்சியார் உதட்டில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாதீங்க வைகுண்டம். அவர் குறி பார்க்கிறார்."