இரண்டு காலுக்கும் ஒரே நியாயம்

கூத்தன்துறை கால்பந்துக் குழுவில் பதினோரு பேர். பதினோரு பேரின் புத்தியும் கேப்டன் சேசடிமையிடம்தான் இருக்கிறது என்று மற்ற பத்துப் பேரும் நம்பினார்கள். அவனும் நம்பினான்.

ஏழு வருடமாகக் கோப்பை பக்கத்து ஊருக்கே போய்க்கொண்டிருந்தது. இந்த வருடம் கால் பலம் பார்க்க ஒரு டாக்டரம்மா வந்தார். இடது காலால் மட்டும் குதித்துக் கை எட்டிய உயரத்தில் சுவரில் ஒரு கோடு, வலது காலால் மட்டும் குதித்து இன்னொரு கோடு போடுங்கள். அப்புறம் இரண்டு காலுக்கும் சமமாக வேலை கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

'மட்டும்' என்ற சொல் சேசடிமையை உறுத்தியது. இடது கால் குதித்தால் வலதும் கூடவே கிளம்பிவிடுகிறதே, அது களவு அல்லவா? ஆகவே இரண்டு பேர் அவன் வலது காலைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொண்டார்கள். அவன் இடது காலால் குதித்தான். மூக்குதான் மண்ணில் பதிந்தது. மறு காலுக்கும் அதேபோல் ஆயிற்று. எல்லாருக்கும் இரண்டு கோடும் தரையோடு தரையாக விழுந்தன.

"ஒரு நூல் வித்தியாசம் இல்ல மக்கா," என்றான் சேசடிமை, வீங்கிய மூக்கோடு. "ஆட்டத்திலயும் இது குலையப்பிடாது. இடதுக்கு ஒரு உதை, வலதுக்கு ஒரு உதை."

இறுதி ஆட்டத்தில் ஆளில்லாத கோலுக்கு முன்னால், முன்வரிசையில் ஆடிய பனியடிமையின் வலது காலடிக்கே பந்து வந்தது. அப்போது முறை இடதுக்கு. அவன் பந்தைச் சுற்றி அந்தப் பக்கம் வருவதற்குள் எதிராளி பந்தோடு போய்விட்டான். நல்லவேளை, கோலி தொபியாஸுக்குக் கைவேலைதான். விழுந்து விழுந்து தடுத்தான்.

கடைசி நிமிடத்தில் பந்து சேசடிமையிடம் வந்தது. எந்தக் காலின் முறை என்பது மறந்துபோயிற்று. இரண்டு காலையும் சேர்த்தே வீசி உதைத்துவிட்டு மல்லாந்து விழுந்தான். பந்து வலைக்குள் போனது.

நடுவர் ஒரு கோல் என்றார். சேசடிமை எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, பணிவாகக் கேட்டான்: "எந்தக் காலுக்கு சார்?"

நடுவர் குனிந்து அவன் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும்தான் உதைச்சுது. ரெண்டு கோல் குடுங்க. ஒண்ணு குடுத்தா ஒரு காலுக்கு அநியாயம்."

பனியடிமையும் யோசித்துப் பார்த்து, கேப்டன் சொல்வது சரிதான் என்றான். ரெண்டு தராவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று பதினோரு பேரும் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். கோப்பை எட்டாவது முறையாகப் பக்கத்து ஊருக்குப் போனது.

நியாயத்தைக் காப்பாற்றிய கேப்டனை ஊர்வரை தூக்கிக்கொண்டு போனார்கள். இடது காலுக்கு ஐந்து பேர், வலது காலுக்கு ஐந்து பேர். தலைக்குத்தான் ஆள் மிஞ்சவில்லை.