கொம்பையன் முதுகு வெளுத்த காலை

சத்தியம்! தலையில் அடித்துச் சத்தியம், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையில் அணைத்துச் சத்தியம்! இதில் ஒரே ஒரு சொல் பொய் என்றாலும் சொன்ன நாக்கு வெந்நீரில் வேகட்டும். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். போகிறவர்கள் சத்தம் போடாமல் போகவேண்டும், நம்புகிறவர்களுக்குத் தொந்தரவு.

அந்தக் காலத்தில் எல்லாமே பேசும். காட்டெருமை பேசும், மைனா பேசும். காலில் ஏறுகிற அட்டைகூட, "கொஞ்சம் ரத்தம் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கடிக்கும். பாறையும் பேசும், ஆனால் ரொம்ப மெதுவாக. காலையில் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். மேற்கு மலையின் உச்சியில், மேகம் படுத்துத் தூங்குகிற இடத்துக்கும் மேலே, பேசாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உலைமேடு.

புல்வெளிக்கு நடுவே வெளிறிப்போன ஒரு மேடு. மேடெல்லாம் பொத்தல். ஒவ்வொரு பொத்தலுக்குள்ளும் அரிசி போடாத உலை மாதிரித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். விடிகிற நேரத்தில் அதிலிருந்தெல்லாம் நீராவி தூண் தூணாக எழும். நடுவில் இருந்த பெரிய ஊற்று விட்டுவிட்டுப் பீய்ச்சும். அடங்கும், மூச்சு வாங்கும், மறுபடி பனைமர உயரத்துக்குக் கிளம்பும். குளிர் எவ்வளவு கடுமையோ அவ்வளவு வெள்ளை, அவ்வளவு உயரம். வெயில் ஏற ஏற ஆவி காற்றில் கரைந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

வரையாடுகள் அப்போது ஒரே மந்தை. கிடாயும் பெட்டையும் சேர்ந்தே மேயும், சேர்ந்தே படுக்கும். கிடாய்களுக்குக் கழுத்திலிருந்து வால்வரை ஒரே கறுப்பு, ஒரு வெள்ளை மயிர் கிடையாது. அதிலும் கொம்பையன் என்று ஒரு கிடாய் இருந்தானே, அவன் முதுகு எண்ணெய் தேய்த்த தோசைக்கல் மாதிரி மின்னும். அவன் நடந்தால் சரளைக்கல் தானாக விலகி வழிவிடும். கூட்டிச் சொன்னதாகத் தோன்றும், இல்லை.

அவன் பெண்டாட்டி பெயர் சிலம்பாயி. கொம்பையனுக்கு அவள்மேல் உயிர். அதுதான் வம்பே. காட்டுப் பூவரசம் பூவை மோந்துவிட்டு, "நல்ல வாசம்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். மறுநாள் அந்த மரத்தில் வாய் எட்டுகிற உயரம்வரை ஒரு இலை இல்லை. இன்னொரு நாள் அவள் சாய்ந்து நின்ற பாறை, "அம்மா, கொஞ்சம்..." என்று தொடங்கியதுமே ஓடிப்போய் முட்டினான். "கொஞ்சம் தள்ளி நில்லு" என்று சொல்லத்தான் பாறை வாயைத் திறந்தது. அது சொல்லி முடிப்பதற்குள் கொம்பையன் நெற்றி பலாக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

தை மாதம் வந்தது. புல் நுனியெல்லாம் உறைபனி. பெட்டைகள் நிறைசினையாக இருக்கும் மாதம் அது. விடிகிற நேரத்தில் பெட்டைகள் எல்லாம் உலைமேட்டுக்குப் போய் அந்த வெதுவெதுப்பில் நின்றுவிட்டு வரும். குட்டி போடுவதும் அங்கேதான். தரை அடுப்பங்கரை மாதிரிச் சூடாக இருக்கும். கிடாய்கள் அங்கே போகக்கூடாது. கீழே நின்று சிறுத்தை வருகிறதா என்று பார்க்கவேண்டும். அதுதான் முறை.

சிலம்பாயிக்கு அது தலைச்சன். எல்லாருக்கும் முன்னால் போவாள், எல்லாருக்கும் பின்னால் வருவாள். கொம்பையன் வழியிலேயே நிற்பான்.

"எங்க போயிட்டு வர்றே?"

"உலைமேட்டுக்கு, மாமா."

"யார் யார் இருந்தாங்க?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்னா எல்லாரும்."

"அந்தப் பெரிய ஊத்து?"

"இருந்துச்சு. அது எங்க போகும்?"

'அது எங்க போகும்' என்று அவள் சொன்ன விதம் கொம்பையனுக்குப் பிடிக்கவில்லை. ரொம்ப உரிமையாகச் சொன்ன மாதிரி இருந்தது.

"நெத்தியெல்லாம் ஈரமா இருக்கு?"

"ஆவியில நின்னா நனையாதா?"

"சிரிச்ச முகமா வேற வர்றே."

சிலம்பாயி சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அதுதான் அவனை எங்கேயோ சுட்டது. என்னைப் பார்த்ததும் எதற்கு நிறுத்துகிறாள்? அங்கே மட்டும் சிரிப்பாளாம்!

தண்ணீர்தானே, ஆவிதானே என்று உங்களுக்குத் தோன்றும். அது தண்ணீர் என்று கொம்பையனுக்கும் தெரியும். தெரிந்து என்ன? பொறாமைப்பட ஆள் வேண்டுமென்று யார் சொன்னது?

ஒரு நாள் உச்சிவெயிலில், முறையாவது மண்ணாவது என்று உலைமேட்டுக்கு ஏறிவிட்டான். கொம்பைத் தீட்டிக்கொண்டு ஏறினான். அங்கே தூணும் இல்லை, வெள்ளையும் இல்லை. பெரிய ஊற்று இருந்த இடத்தில் ஒரு குழி, குழிக்குள் கொஞ்சம் தண்ணீர். 'குளுக்' என்றது. கொம்பையன் சுற்றிச்சுற்றி வந்தான். "டேய், வெளிய வாடா!" என்றான். மறுபடியும் 'குளுக்'.

இறங்கி வரும்போது துடியன் எதிரே வந்தான். சிலம்பாயியின் தம்பி, கொம்பு குட்டை, வாய் நீளம்.

"என்ன மச்சான், உலைமேட்டுலேர்ந்து வர்றீங்க? சளி பிடிச்சிருக்கா?"

"அங்க ஒருத்தனும் இல்லைடா. நான் வர்றது தெரிஞ்சு ஒளிஞ்சுக்கிட்டான்."

துடியனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டான். "அவர் மத்தியானம் வரமாட்டாரு மச்சான். வெயில்ல நின்னா நிறம் கறுத்திடும்ல? உங்களை மாதிரி ஆயிடுவாரே. விடியக்காலம் வந்து பாருங்க. என்ன உயரம், என்ன வெள்ளை! எங்க அக்கா பக்கத்துல போனா அப்படியே ஆடுவாரு."

அக்காள் புருஷனைக் கேலி செய்வது மைத்துனன் உரிமை. வேறு எந்தக் கிடாயாக இருந்தாலும் செல்லமாக ஒரு முட்டு முட்டிவிட்டுப் போயிருப்பான். கொம்பையன் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஆடுவானா?"

அன்றைக்கு அவன் அசைபோடக்கூட மறந்துவிட்டான்.

மறுநாள் பெட்டைகள் கிளம்பியதும் பின்னாலேயே பதுங்கிப் போய் ஒரு பாறைக்குப் பின்னால் நின்றான். கிழக்கே மலைவிளிம்பு சிவந்தது. முதல் வெளிச்சம் ஆவித் தூண்களின் உச்சியில் பட்டு, மஞ்சள் பூசியதுபோல மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. மேடு முழுக்கத் தங்கத் தூண்கள். உறைபனி உருகிப் புல்லெல்லாம் மினுங்கியது. வேறு மனநிலையில் வந்திருந்தால் கொம்பையன் அப்படியே நின்று அழுதிருப்பான், அவ்வளவு அழகு. அந்த அழகுக்கும் சேர்த்துத்தான் அவனுக்கு வயிறு எரிந்தது. நான் இவளுக்கு எதைக் காட்டியிருக்கிறேன்? ஒரு சறுக்குப்பாறை, ஒரு குட்டை, கொஞ்சம் எலுமிச்சம்புல்!

சிலம்பாயி பெரிய ஊற்றுக்கு முன்னால் தனியாக நின்றிருந்தாள். பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் தலையை ஆட்டிச் சிரித்தாள். காற்று திரும்பியது. அந்த வெள்ளைத் தூண் வளைந்து, அவள் காதருகே குனிந்தது.

துடியன் சொன்னது சரி. ஆடினான்.

அதற்கடுத்த நாள் கீழ்வானம் வெளுப்பதற்கு முன்பே கொம்பையன் உலைமேட்டில் இருந்தான். பெரிய ஊற்று பீய்ச்சி முடித்து அடங்கும்வரை காத்திருந்தான். அடங்கியதும், நான்கு காலையும் வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு, முதுகால் அந்தப் பொத்தலை அடைத்து மல்லாந்து படுத்துவிட்டான். குப்புறப் படுத்திருந்தால் பாதிக் கஷ்டம் இல்லை. ஆனால் அவளுடைய முகம் எப்படி வாடுகிறது என்று அவனுக்குப் பார்க்கவேண்டும்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. முதுகில் யாரோ ஒத்தடம் கொடுக்கிற மாதிரி. கண்ணே செருகியது. 'இந்தச் சுகத்தையா இவள் தினமும்...' என்று நினைத்ததும் கோபம் இன்னும் கூடிவிட்டது.

பெட்டைகள் வந்தன. மேட்டுக்கு நடுவில் நான்கு கால்கள் வானத்தைப் பார்க்க நிற்பதைக் கண்டு திகைத்துப்போயின.

சிலம்பாயி வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். "மாமா! என்ன கூத்து இது? எந்திரிங்க!"

"மாட்டேன். இவன்கிட்ட தினம் என்ன பேசுவே, அதைச் சொல்லு."

"எந்திரிச்சா சொல்றேன்."

"சொன்னாத்தான் எந்திரிப்பேன்."

"அடியில கொதிக்குது மாமா. தரை அதிருது, பாருங்க!"

"அவனுக்காகப் பயப்படுறியா, எனக்காகவா?"

"ஐயோ, கேள்வி, கேள்வி!" சிலம்பாயிக்குக் குரல் உடைந்தது. "இந்த மலையில என்னை ஒரு கேள்வியும் கேட்காத இடம் இது ஒண்ணுதான். அதையுமா மூடணும்?"

கொம்பையனுக்கு அது கேட்டது. கேட்டும், "பேச்சை மாத்தாதே" என்றான்.

அவ்வளவுதான். கீழே அடைபட்டிருந்ததெல்லாம் ஒன்றுசேர்ந்து கிளம்பியது. இடி விழுந்தால் மேலேயிருந்து கீழே வரும்; இது கீழேயிருந்து மேலே போனது. கொம்பையன் ஒரு சுள்ளியைப் போல வானத்தில் சுழன்றான். மேலேயிருந்து இரண்டு ஜில்லா தெரிந்தது என்று பிறகு அவனே சொன்னான். சுழன்று வந்து சதுப்பில் தொப்பென்று விழுந்தான். முதுகில் இருந்த கறுப்பு மயிரெல்லாம் வெந்து உரிந்து, மேட்டில் அங்கங்கே கிடந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. பெரிய ஊற்று பீய்ச்சி ஓய்ந்தது, ஓய்ந்தது ஓய்ந்ததுதான். பக்கத்துப் பொத்தல்களும் ஒவ்வொன்றாகப் பெருமூச்சு விட்டு அடங்கின. தண்ணீர் சளசளவென்று உள்ளே இறங்கி, பூமிக்கடியிலேயே எங்கேயோ தூர தேசத்துக்குப் போய்விட்டது. அங்கேதான் இன்றைக்கும் விடியக்காலையில் ஜனங்கள் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, பல் கிடுகிடுக்க, டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், அது பீய்ச்சுவதைப் பார்க்கிறார்கள். நம்முடைய தண்ணீர்தான் அது. யாரிடம் போய்க் கேட்பது?

அந்த அதிர்ச்சியில் சிலம்பாயிக்கு வலி எடுத்துவிட்டது. பெட்டைகள் அவளைச் சுற்றி மறைத்து நின்றன. தரையில் மிச்சமிருந்த கடைசிச் சூட்டில், சூரியன் மலைவிளிம்பை விட்டு மேலே வந்த நேரத்தில், குட்டி பிறந்தது.

கொம்பையன் சதுப்பிலிருந்து எழுந்து, தள்ளாடித் தள்ளாடி வந்தான். பெட்டைகள் வழிவிடவில்லை. சிலம்பாயிதான், "வரட்டும், விடுங்க" என்றாள்.

அவன் முதுகைப் பார்த்ததும் அவளுக்கு மனது இளகிவிட்டது. "ரொம்ப வலிக்குதா, மாமா?"

"இல்லை" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னான்.

"என்ன பேசினேன்னு கேட்டீங்களே. குட்டிக்கு என்ன பேர் வைக்கிறதுன்னுதான் பேசினேன். கிடாயாப் பிறந்தா உங்க அப்பா பேரு. அப்புறம், உங்களை மாதிரியே கறுப்பா, உங்க நடை மாதிரியே நடந்துவந்தா எப்படி இருக்கும்னு சொல்லிச் சிரிப்பேன். உங்ககிட்ட சொன்னா, அதுக்கும் ஒம்பது கேள்வி கேப்பீங்க."

கொம்பையன் வாயைத் திறக்காமல் அப்படியே நின்றிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், எல்லாம் சரியாகியிருக்கும். மந்தை இன்றைக்கும் ஒரே மந்தையாக இருந்திருக்கும்.

குட்டி தலையைத் தூக்கியது. அப்போதுதான் பிறந்த ஈர உடம்பு. வெளியே உறைபனிக் குளிர். குட்டியின் முதுகிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி எழுந்தது.

கொம்பையன் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அதென்ன ஆவி?" என்றான். "இவன் யார் சாயல்?"

மேட்டுப் பாறைகள்கூட, ஆரம்பித்திருந்த வார்த்தையை நிறுத்திக்கொண்டன.

சிலம்பாயி குட்டியை நக்கித் துடைத்து முடித்தாள். எழுந்து, குட்டியைத் தன் மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அந்த உச்சிப்பாறைக்குப் போயிடுங்க, மாமா. தனியா இருங்க. ஆடிமாசச் சாரல்ல மலை முழுக்க வெள்ளையா மூடுமே, அப்ப இறங்கி வாங்க. மரம், பாறை, புல்லு, நானு, நீங்க, எல்லாமே ஆவிக்குள்ள இருப்போம். அப்ப யார்மேல சந்தேகப்படுறீங்கன்னு பார்க்கலாம்."

பெட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டன. துடியன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்காள் பார்த்த பார்வையில் அவனும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மச்சானுக்குப் பின்னாலேயே நடந்தான். மற்ற கிடாய்களும் போயின. எந்தக் கிடாய்க்குத்தான் தன்மேல் முழு நம்பிக்கை இருந்தது?

வெந்த முதுகில் மயிர் மறுபடி முளைத்தது, சாம்பலும் வெள்ளையுமாக, யாரோ சேணம் கட்டிவிட்ட மாதிரி. அன்று முதல்தான் வரையாட்டுக் கிடாய்களின் முதுகில் அந்த வெள்ளை. பிறக்கும்போது இருக்காது, பொறாமைப்படுகிற வயது வந்தால் தானாக வெளுக்கும். அன்று முதல்தான் கிடாய்கள் எட்டாத பாறைகளில் ஒதுங்கி வாழ்வதும், பெட்டைகள் தைமாதக் குளிரில் ஒருத்தியை ஒருத்தி அணைத்துக்கொண்டு குட்டி போடுவதும், சாரல் மூடி எதிரில் நிற்பது யாரென்று தெரியாத மாதத்தில் மட்டும் கிடாய்கள் கீழே இறங்கி வருவதும்.

கேட்டாயிற்று அல்லவா, போய்வாருங்கள். ஒன்றே ஒன்று, காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்: இதை யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். கொம்பையன் காதுக்குப் போனால், "சிலம்பாயி பேசினதெல்லாம் இந்தக் கிழவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டு பாறையிலிருந்து நேராக இறங்கி வந்துவிடுவான்.