பூட்டின கை

ஒரு காலத்துல, கோட்டையை ஒட்டின ஒரு ஊருல உலகம்மைன்னு ஒருத்தி இருந்தா. பொன்வேலை செய்யற ஆசாரி வீட்டுப் பொம்பள. புருசன் செத்ததும் பட்டறைய அவளே எடுத்து நடத்தினா. உமிச்சட்டியில நெருப்ப வச்சு, ஊதுகுழலால ஊதி ஊதி, பொன்ன உருக்கி, தட்டி, கம்பியா இழுத்து, வளையலும் காப்புமா செய்வா.

அந்தக் கோட்டையில ஒரு ராசா. நோஞ்சான் ஆளு, கை ரெண்டும் பொம்பளப் புள்ள கை கணக்கா சதையே இல்லாம இருக்கும். மனசு மட்டும் கருங்கல்லு. எந்த வீட்டுல கெட்டிக்காரப் பொண்ணு இருந்தாலும் அரமனை வேலைக்குன்னு புடிச்சுட்டு வந்து கையில காப்பு போட்டுருவான். கீல் வச்ச காப்பு அது. பூட்டி, ஆணிய இறக்கி, ஆணித்தலைய அடிச்சு நசுக்கிட்டா கழட்டவே முடியாது. காப்பு போட்ட கை கோட்டை வாசலத் தாண்டக்கூடாது, அதான் சட்டம். "மொகத்தப் பாக்காதீங்கடா, கையப் பாருங்க. யாரு என்ன சொன்னாலும் சரி, விட்டீங்க, தலை போயிரும்"னு காவக்காரங்ககிட்ட சொல்லி வச்சிருந்தான்.

அந்தக் காப்பையெல்லாம் பூட்டினது யாருங்கிறே? நம்ம உலகம்மைதான். புள்ளைங்க கதறும். இவ தலைய நிமித்தாம ஆணிய அடிச்சுட்டு வந்துருவா. ஆசாரிமாருக்குள்ள ஒரு கட்டுப்பாடு வேற உண்டு. ஒருத்தர் பூட்டின காப்ப இன்னொருத்தர் வெட்டப்படாது, பூட்டின கையேதான் வெட்டணும். அப்ப அந்தப் புள்ளைங்க யாருகிட்டப் போகும், சொல்லு?

ஒரு நா அரமனை ஆளு வந்து, மணிக்கட்டு அளவுக்கு வளைச்ச செப்புக்கம்பி ஒண்ண நீட்டினான். வாங்கிப் பாத்தா, ஒரு பக்கம் லேசா புடைச்சிருக்கு. அய்யோ! சின்னதுல மரத்துலருந்து விழுந்து எலும்பு பிசகின கையாச்சே, அவ மக வடிவோட கையாச்சே! தண்ணிக்குப் போன புள்ளையப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. உலகம்மை அழுதா, அழுதா, அழுதுகிட்டே உமிய ஊதினா. அந்தக் கம்பியத் தூக்கி நெருப்புல போட்டுட்டு, வேற ஒரு கைய மனசுல நெனச்சுக் காப்பு செஞ்சா.

அரமனைக்குக் கொண்டுபோய்க் குடுத்தா. ராசா அதத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "பெத்த மகளுக்குச் செஞ்சிருக்கே. உள்ள ஏதோ சூது வச்சிருப்பே."

"ஒண்ணும் வைக்கல மகராசா. சந்தேகம்னா யாரு கையிலயாச்சும் பூட்டி இழுத்துப் பாருங்க."

"எவன் கையில பூட்டினாலும் உனக்காக நடிப்பான். எவனையும் நான் நம்ப மாட்டேன். என் கையில பூட்டு. பாத்துட்டு வெட்டிக்கலாம்."

உலகம்மை பூட்டினா, ஆணிய இறக்கினா, நங்குன்னு அடிச்சா. ராசா இழுத்தான், வரல. எண்ணெயத் தடவி இழுத்தான், வரல. பல்லால கடிச்சு இழுத்தான், வரல. "பலே! சரி, வெட்டு"ன்னான்.

அவ உளிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. "மொதல்ல புள்ளைங்களுக்கு வெட்டுறேன்."

"உன் தலையச் சீவிருவேன்!"

"சீவுங்க மகராசா. பூட்டின கை போயிட்டா வெட்டுறதுக்கு எந்தக் கை வரும்?"

ஊரு ஆசாரிகளயெல்லாம் கூப்பிட்டான், ஒருத்தரும் தொடல. வாளால வெட்டுனா மணிக்கட்டும் சேந்து போயிரும். வேற வழியில்லாம, "வெட்டித் தொலை"ன்னான்.

ஒவ்வொரு புள்ளையா வந்துச்சு, ஒவ்வொரு ஆணியா வெட்டினா. சடைச்சின்னு ஒருத்தி, மொத மொதல்ல காப்பு போட்ட பொண்ணு, தழும்பேறின கைய நீட்டிக்கிட்டே கேட்டா: "எம்மா, எனக்குப் பூட்டினப்ப உன் கை நடுங்கலையே?"

உலகம்மை அந்த ஆணி மேல உளிய வச்சா. "நடுங்கல தாயி. நடுங்கியிருக்கணும். என் மகளுன்னதும்தான் நடுங்குச்சு"ன்னா. சடைச்சி வடிவு கையப் புடிச்சுக்கிட்டு நடந்தா.

எல்லாரும் வாசலத் தாண்டினாங்க, அவங்களோட உலகம்மையும் உளிய எடுத்துக்கிட்டுத் தாண்டிட்டா. "அடியே, எனக்கு?"ன்னு ராசா பின்னாடியே ஓடியாந்தான். காவக்காரங்க ஈட்டியக் குறுக்க நீட்டிட்டாங்க.

"டேய், நான் ராசாடா!"

"மொகத்தப் பாக்காத, கையப் பாருன்னு நீங்கதானே சொன்னீங்க"ன்னாங்க.

உலகம்மை அந்தப் பக்கம் நின்னு திரும்பிப் பாத்தா. உளியக் கோட்டை அகழித் தண்ணியில போட்டுட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் அவ செஞ்ச காப்புக்கெல்லாம் போட்டவளே கழட்டுற மாதிரி திருகுதான் வச்சா.

அவன் உள்ளயே கெடந்தான், புள்ளைங்க வீடு போய்ச் சேந்தாங்க. கதை ஆச்சு, கண்ண மூடு.