மாட்டேன் என்று சொல்லத் தெரியாத இளவரசி

வெகு காலத்துக்கு முன்னால் ஆலங்குன்றம் என்ற நாட்டை மகிழ்வண்ணர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் கொடுத்த பட்டத்தைச் சாயங்காலமே பிடுங்கிக்கொள்கிற ராஜா. மற்றபடி நல்லவர் என்று சொல்லிவைப்போம். அப்படிச் சொல்லாதவர்களின் தலை அந்த நாட்டில் தங்கியதில்லை.

அவருக்குத் தாயில்லாத ஒரே பெண், பூங்கோதை. வயது ஏழு. அவளுக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுக்க வந்த குரு சர்வோத்தமர். மந்திரி தீர்த்தகிரியின் ஆசனத்தின்மேல் இவருக்கு வெகு நாளாக ஒரு கண்.

ஒருநாள் அரசவை கூடியிருந்தபோது சர்வோத்தமர் குழந்தையை அழைத்துவந்து நடுவில் நிறுத்தினார். "மகாராஜா, இரண்டே வருஷத்தில் இவள் வாயிலிருந்து 'மாட்டேன்' என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். எது சொன்னாலும் 'ஆகட்டும்'தான்."

பாடச் சொன்னார்கள். "ஆகட்டும்" என்று பாடினாள். பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். "ஆகட்டும்" என்று நிறுத்தினாள். "சமத்து, சமத்து" என்று சபையே உருகியது. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "குருவே, நாளை முதல் இவள் உங்கள் மாளிகையிலேயே வளரட்டும். கல்யாணத்துக்கு அழைத்துவந்தால் போதும்" என்றார்.

தீர்த்தகிரி மட்டும் குழந்தையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுத் தண்டை, அளவு சிறியது. கணுக்காலைக் கடித்து ரத்தம் கசிந்திருந்தது. அந்தக் காலோடுதான் இத்தனை நேரம் நின்று பாடியிருக்கிறாள்.

"வலிக்கிறதா அம்மா?" என்று கேட்டார்.

குழந்தை சர்வோத்தமரின் முகத்தைப் பார்த்தாள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கிற பார்வை.

தீர்த்தகிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் கால் வலிக்கிறதா என்பதற்குக்கூடவா ஒரு குழந்தை இன்னொருவரிடம் உத்தரவு கேட்க வேண்டும்? கத்தினால் ராஜாவின் காதில் ஏறாது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"மகாராஜா, நானும் இரண்டு வேலை சொல்லிப் பார்க்கலாமா?"

"தாராளமாக. அவள் 'மாட்டேன்' என்றால் குருவை வீட்டுக்கு அனுப்புகிறேன். சொல்லாவிட்டால் உமது ஆசனம் குருவுக்கு."

"அவள் சொல்லமாட்டாள். அதைக் காட்டத்தான் கேட்கிறேன். ஆசனம் போனால் போகட்டும்."

கோட்டைக்கு வண்டியில் உப்பு கொண்டுவந்த சடையன் என்ற வெளியூர்க்காரன் வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். மந்திரி அவனை உள்ளே கூப்பிட்டார்.

"அம்மா, அப்பாவின் கிரீடத்தைக் கழற்றி இவர் தலையில் வை."

"ஆகட்டும்." நொண்டிக்கொண்டே படியேறினாள். ராஜா விழுந்து விழுந்து சிரித்தபடி தலையைக் குனிந்துகொடுத்தார். கிரீடம் சடையனின் காதுவரை இறங்கியது.

"இனிமேல் இவர்தான் உன் அப்பா. இவர் வண்டியில் ஏறிப் போய்விடு. திரும்பி வர வேண்டாம்."

"ஆகட்டும்."

சிரிப்பு நின்றது. குழந்தை சடையனின் கையைப் பிடித்தாள். "சாமி, எனக்கு வேணாங்க, வீட்ல ஏற்கெனவே நாலு புள்ளைங்க" என்று அவன் பதறினான். அவள் விடாமல் இழுத்துக்கொண்டு போனாள். வாசற்படி தாண்டும்போதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ராஜா வெறுந்தலையோடு ஓடிப்போய் வழிமறித்தார். "போகாதேம்மா. மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஆகட்டும் அப்பா. மாட்டேன்."

"பார்த்தீர்களா, அதைக்கூட நாம் சொன்னால்தான் சொல்கிறாள்" என்று சர்வோத்தமர் பூரித்தார்.

"வாயை மூடும்" என்றார் தீர்த்தகிரி. அடக்கிவைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. "எப்படிப் பழக்கினீர் என்பதையும் சொல்லும். இவள் மாட்டேன் என்ற நாளில் அரண்மனையில் ஒருவரும் இவளோடு பேசக் கூடாது என்று கட்டளை போட்டீர். ஐந்து வயதுக் குழந்தை ஒவ்வோர் ஆளாகப் போய்ப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தது. அத்தனை பேரும் ஊமையாக நின்றோம், நானும்தான். நாலு தடவை இப்படி. ஐந்தாம் தடவை அந்தச் சொல்லே இவளுக்கு வரவில்லை."

பிறகு ராஜாவின் பக்கம் திரும்பினார். "அந்த நாலு தடவையும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் யார் மகாராஜா? என் தலை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். யார் கூப்பிட்டாலும் போகிற பெண்ணாக ஆக்கிவிட்டு, அதற்குப் பெயர் சமத்தா?"

ராஜா தரையில் உட்கார்ந்து மகளின் தண்டையைத் தாமே கழற்றினார். பிறகு நிமிர்ந்தார்.

"மந்திரியாரே, ஆசனம் உமக்கே. என் முகத்துக்கு நேரே கோபப்பட ஓர் ஆள் எனக்கு வேண்டும். சர்வோத்தமரே, இன்று முதல் ஒரு மாதம் இந்த அரண்மனையில் யார் எது சொன்னாலும் நீர் 'ஆகட்டும்' என்றுதான் சொல்ல வேண்டும். யானைக் கொட்டிலில் சாணம் அள்ள ஆள் கேட்டார்கள்."

சர்வோத்தமர் "ஆகட்டும்" என்றார்.

ராஜா இரண்டு கையையும் நீட்டினார். "அப்பா மடிக்கு வாம்மா."

குழந்தை குருவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மந்திரியைப் பார்த்தாள். அவர் வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்தார். பதில் எடுத்துக்கொடுக்க ஒருவரும் இல்லை.

"மாட்டேன்" என்றாள், காதில் விழுந்தும் விழாமலும். சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள், திரும்பிக்கொள்ளுமோ என்று.

அது திரும்பவில்லை. "சரிம்மா" என்றார் ராஜா.

"எனக்கு உங்க மேல கோபம்."

"எவ்வளவு கோபம்?"

"நிறைய. எல்லாத்தையும் சொல்லணும்."

"சொல்லு. கேட்கிறேன்."

அவள் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். அன்று ஆலங்குன்றத்து அரசவையில் வேறு எந்த வழக்கும் விசாரிக்கப்படவில்லை.