முதல் இறக்கம்

நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் வால்பாறை. அங்கே டீத்தூள் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கார் பட்டறை. ஏறி வந்த வண்டி எதுவானாலும் இறங்கித்தானே ஆகணும்? அதனால் அந்தப் பட்டறையில் மற்ற வேலை இல்லாத நாள் உண்டு, பிரேக் வேலை இல்லாத நாள் கிடையாது.

பட்டறையின் மேஸ்திரி ஜெசிந்தா. வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் கற்க வந்தவர் தண்டபாணி. வயது ஐம்பத்து மூன்று. மாற்றிச் சொல்லவில்லை. குருவுக்குத்தான் முப்பத்தாறு.

தண்டபாணி கீழே நகரத்தில் ஒரு கம்பெனி ஷோரூமில் இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் அட்வைசராக இருந்தவர். கழுத்தில் டை, கையில் அட்டை. வண்டியில் என்னென்ன மாற்றணும், எவ்வளவு ஆகும் என்று எஸ்டிமேட் எழுதித் தருவார். வாய் ஜாலம் அப்படி, கேட்டவர்கள் மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் ஒரு நாளும் ஸ்பேனரைத் தொட்டதில்லை. ஆள் குறைப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவிக்கு வால்பாறை தபால் ஆபீசில் வேலை. தண்டபாணியும் மூட்டையைக் கட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

ஏழு மாதம் கழித்து, முதல்முறையாக ஒரு முழு பிரேக் வேலையை மேஸ்திரி அவர் கையில் விட்டார்.

வண்டி தெய்வானை டீச்சருடையது. பதின்மூன்று வருஷத்துக் கார். இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்று கொண்டு வந்திருந்தார். தண்டபாணி வேலை பார்த்த அதே ஷோரூமில் பிரேக் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் புதுசாக மாற்றச் சொல்லி நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஜெசிந்தா பார்த்துவிட்டு, முன்பக்க பேடு, பின்பக்க ரப்பர் கிட், பிரேக் ஆயில், இவ்வளவு போதும் என்றார். ஒன்பதாயிரத்து இருநூறு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் தன் இரண்டு பெண்களையும் அந்த வண்டியில் பொள்ளாச்சி ஹாஸ்டலுக்குக் கூட்டிப் போகணும். மறுநாள் பெரியவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை.

சனிக்கிழமை மத்தியானம். தண்டபாணி முன்பக்க இடது சக்கரத்தில் இருந்தார். டீச்சரிடமிருந்து போன்.

"அண்ணா, ஷோரூம்ல இருந்து மறுபடி கூப்பிட்டாங்க."

"என்ன சொல்றாங்க டீச்சர்?"

"வெளிய வேலை பார்த்தா கேரண்டி கிடையாது மேடம், மலை ரோடு, உயிர் விஷயம்னு சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு."

தண்டபாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய வசனம். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கெல்லாம் அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். 'உயிர்' என்கிற இடத்தில் குரலை எவ்வளவு இறக்கணும் என்பது உள்பட.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணா. அங்க கிட்டத்தட்ட அம்பதாயிரம், இங்க ஒன்பதாயிரம். மிச்சம் எங்க போச்சு? அவங்க ஏமாத்துறாங்களா, இல்ல நீங்க எதையாவது விட்டுட்டீங்களா?"

தண்டபாணி பத்து நிமிஷம் பேசினார். பழைய வாய் அல்லவா, தானாகவே பேசியது. போனை வைத்தபோது டீச்சருக்குப் பயம் போகவில்லை. இவருக்கும் வந்துவிட்டது. அந்த யோசனையோடேயே அடுத்த சக்கரத்துக்குப் போனார்.

சாயங்காலம் வேலை முடிந்தது. தண்டபாணி கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

"மேஸ்திரி, டீச்சர் ஒண்ணு கேட்டாங்க. கம்பெனியில அவ்வளவு ஆகுது, இங்க இவ்வளவுதான் ஆகுது. மிச்சம் எங்க போச்சுன்னு."

"பேடு கம்பெனி பேடு. நானே அவங்க கவுண்டர்ல வாங்கினது. நல்லா இருக்கறதை மாத்தலை. இது உங்களுக்கே தெரியுமேண்ணா."

"தெரியும்ங்க. அவங்க அதைக் கேக்கலை. பயந்துபோய்க் கேக்கறாங்க."

"நீங்க?"

"நானும் பயந்துபோய்த்தான் கேக்கறேன்."

ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்குச் சொல்றேன்."

மேஸ்திரி தினமும் செய்வதுபோல டார்ச்சும் ஸ்பேனருமாக, பட்டறைத் தரையில் வெட்டிய பள்ளத்தில் இறங்கி, மேலே நிற்கிற வண்டியை அடியிலிருந்து ஒரு சுற்றுப் பார்த்தார். கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ராத்திரி தண்டபாணி புரண்டு புரண்டு படுத்தார். கண்ணை மூடினால் டீச்சரின் இரண்டு பெண்களும் பின் சீட்டில் உட்கார்ந்து கையாட்டினார்கள். ஷோரூமில் ஆயிரம் வண்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், ஒரு வண்டிக்காகவும் தூக்கம் கெட்டதில்லை.

காலை எட்டு மணிக்கு டீச்சர் வந்தார். பெண்கள் பெட்டியும் ஊறுகாய் பாட்டிலும் முறுக்கு டப்பாவுமாக நின்றார்கள். மூடுபனி பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது.

"அண்ணா, நீங்க முன் சீட்ல ஏறிக்கங்க" என்றார் ஜெசிந்தா.

"நானா? எதுக்குங்க?"

"பிரேக் வேலை பார்த்த ஆள் முதல் இறக்கத்துல கூடப் போகணும். இந்தப் பட்டறை வழக்கம். ஆழியாறு வரைக்கும் போயிட்டு பஸ்ல வந்துடுங்க."

ஏழு மாதத்தில் மேஸ்திரி வாரத்துக்கு நாலு தடவை கீழே போய் பஸ்ஸில் திரும்பி வந்ததை அவர் பார்த்திருக்கிறார். பொள்ளாச்சியில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டிருந்தார், மனிதர்.

கதவில் கை வைத்தார். எடுத்தார்.

"மேஸ்திரி, அரை மணி நேரம் குடுங்க."

"எதுக்குண்ணா?"

"சும்மா. ஒரு தடவை பார்த்துடறேன்."

டீச்சரின் முகம் மாறியது. "ஏதாவது பிரச்சனையாங்க?"

"ஒண்ணும் இல்லைங்க டீச்சர்" என்றார் தண்டபாணி. அது அவருக்கே நம்பும்படியாக இல்லை.

பள்ளத்தில் இறங்கினார். பின்பக்கம் இரண்டும் சரி. முன்பக்கம் வலது சரி. இடது பக்கம் காலிப்பரில் இரண்டு போல்ட். மேல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார், அசையவில்லை. கீழ் போல்ட்டில் வைத்தார்.

திரும்பியது. முழுசாக ஒன்றரைச் சுற்று.

காலிப்பர்தான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற கை. அந்த போல்ட் வழியில் கழன்று விழுந்தால் பெடலை ஏறி மிதித்தாலும் பிரயோஜனம் இல்லை. தண்டபாணி பள்ளத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு போல்ட்டை முறுக்கினார். இன்னொரு தடவை முறுக்கினார். எல்லா போல்ட்டையும் முதலிலிருந்து மறுபடி முறுக்கினார். மேலே வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

ஷோரூம் பழக்கம் அது. என்னென்ன பார்க்கணும் என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்திருந்தார். முன்பக்க இடது காலிப்பர், டிக். பச்சை மையில், அழகாக.

"மேஸ்திரி, இடது பக்கம் ஒரு போல்ட் லூஸா இருந்துச்சுங்க."

"தாள்ல என்ன இருக்கு?"

"டிக் இருக்கு."

"எப்பப் போட்டீங்க?"

"வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. ஷோரூம்ல நாப்பது டிக்கையும் ஒண்ணாப் போட்டுட்டுத்தாங்க வண்டியை வேலைக்கு அனுப்புவோம். அங்க எல்லாருமே அப்படித்தான். நேத்து இந்தச் சக்கரத்துல இருக்கறப்ப போன் வந்துச்சு, பேசிட்டுத் திரும்பினேன். டிக் இருந்துச்சா, முடிஞ்சதுன்னு அடுத்ததுக்குப் போயிட்டேன்."

"ஏட்டுச் சுரைக்காய்" என்றார் ஜெசிந்தா. அதற்கு மேல் திட்டவில்லை.

தண்டபாணிக்கு அப்போதுதான் உறைத்தது.

"நேத்து நீங்க பள்ளத்துல இறங்கிப் பார்த்தீங்களே. தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? நான் பாட்டுக்கு ஏறி உக்காந்திருந்தா?"

ஜெசிந்தா பையிலிருந்து கார் சாவியை எடுத்துக் காட்டினார். "இது இன்னும் என்கிட்டதானே இருக்கு?"

சாவியை மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

"போய் டீச்சர்கிட்டச் சொல்லுங்க."

"என்னன்னு?"

"போல்ட் லூஸா இருந்துச்சுன்னு."

இருபத்திரண்டு வருஷத்தில் தண்டபாணி எந்தக் கஸ்டமரிடமும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பட்டறை வாசலுக்கும் டீச்சர் நின்ற இடத்துக்கும் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடி நடப்பதற்குள் வேர்த்துவிட்டது.

சொன்னார். போனில் பேசிக்கொண்டே விட்டதை, டிக்கைப் பார்த்து ஏமாந்ததை, இப்போது முறுக்கியதை, எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் சின்னவளின் கையைப் பிடித்துக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நான் மட்டும் நேத்தே வண்டியை எடுத்துட்டுப் போயிருந்தா?"



டீச்சர் காரைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். ஒன்பது மணி பொள்ளாச்சி பஸ்ஸின் ஹாரன் சந்தையடியில் கேட்டது. ஓடினால் பிடித்துவிடலாம்.

"நீங்க கூட வர்றீங்களா?" என்று கேட்டார்.

"வர்றேன் டீச்சர்."

"அப்ப ஏறுங்க" என்றார்.

ஜெசிந்தா சாவியைக் கொடுத்தார்.

இறக்கம் ஆரம்பித்தது. மூடுபனியில் பத்தடிக்கு முன்னால் ரோடு தெரியவில்லை. முதல் வளைவில் டீச்சர் பிரேக்கை மிதித்தார், வண்டி நின்றது. இரண்டாவது வளைவிலும் நின்றது. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். தண்டபாணி மடியில் சின்னவளின் முறுக்கு டப்பாதான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. டப்பாவைக் கட்டிக்கொண்டு வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். பதினேழு. பதினெட்டு. எதிரே ஒரு பஸ் வந்தபோது கந்தா என்று வாய்விட்டே கத்திவிட்டார். பெண்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

ஆழியாறு வந்தது, வெயிலும் வந்தது. டீச்சர் வண்டியை ஓரம் கட்டினார்.

"இப்ப நல்லா இருக்குண்ணா பெடல். கல்லு மாதிரி இருக்கு."

தண்டபாணி இறங்கினார். டீச்சர் முறுக்கு டப்பாவைத் திறந்து ஒரு கை நிறைய எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் போனார்.

மத்தியானப் பஸ்ஸில் தண்டபாணி மேலே வந்து சேர்ந்தார். நொண்டிக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்தார். ஜெசிந்தா ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நல்லபடியா இறங்கிட்டாங்களா?"

"இறங்கிட்டாங்க." ஸ்டூலில் உட்கார்ந்தார். "மேஸ்திரி, மிச்சம் எங்க போச்சுன்னு நேத்துக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை."

"ஏன் நொண்டறீங்க?"

"வலது கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சுங்க. டீச்சர் ஒரு தடவை மிதிச்சா நான் ரெண்டு தடவை மிதிச்சேன், வெறும் தரையை. நாப்பது வளைவும்."

ஜெசிந்தா கழற்றிய போல்ட்டைத் தட்டில் போட்டார்.

"எஸ்டிமேட் எழுதின இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாளாவது இந்தக் கால் வலிச்சிருக்காண்ணா?"