முழங்காலுக்குப் பேர் வந்த விதம்

அந்தக் காலத்தில், நாரையும் மனிதரும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த நாளில், மேற்கே ஒரு பனி நாட்டில் ஒரு குலத்தார் இருந்தார்கள். பேர் வைப்பதில் மகா கஞ்சர்கள். ஓர் உறுப்பு ஊரறிய ஏதாவது சாதித்தால்தான் அதற்குப் பேர். கைக்குப் பேர் உண்டு, நாக்குக்கு உண்டு. முழங்காலை மட்டும் "கால் மடங்குற இடம்" என்று சொல்லி ஒப்பேற்றிவந்தார்கள்.

அந்தக் குலத்துப் பிரிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. புருஷன் கடலோடு போய்விட்டான். நிறைமாதத்தில் பனியில் சிக்கிய மாடுகளை மீட்டதில் அவளுடைய இரண்டு கைகளும் மரத்துப்போயிருந்தன. குல வழக்கமோ கொடியது. பெற்றவர்களில் ஒருவர் பிள்ளையைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். தலைவர் குலப்பேரை மூன்று முறை சொல்லும்வரை கீழே விடக் கூடாது. விட்டால் அது குலத்துப் பிள்ளை இல்லை. காட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள்.

பிரிகா சதுப்பு ஓரம் உட்கார்ந்து அழுதாள். அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த நாரை, "என்னம்மா ஆச்சு?" என்றது.

"கை வரலையே! எம் பொண்ணைப் பறிச்சிடுவாங்களே!"

"எனக்கு மட்டும் கை இருக்கா? ஒத்தைக் கால்ல நின்னு தூக்கமே போடறேன். நீயும் ஒரு காலை மடக்கி, பிள்ளையை அதுமேல ஏத்திப் பாரு."

மறுநாள் சபை கூடியது. பிரிகா பாறையில் முதுகைச் சாய்த்து மண்டியிட்டாள். பிள்ளையைச் சுற்றிய கம்பளியைப் பல்லால் கவ்வி, மடக்கிய காலின்மேல் இழுத்து ஏற்றினாள். கவ்வியதை விடாமல், மற்ற காலை ஊன்றி எழுந்து நின்றாள். பிள்ளை அந்தரத்தில் இருந்தது!

"கையால்தானே தூக்கணும்?" என்று ஒருவன் கத்தினான்.

"தூக்கணும்னுதான் வழக்கம். எதாலன்னு எவனும் சொல்லல," என்றார் தலைவர் கதுமாரர்.

குலப்பேரை ஒரு முறை சொன்னார். இரண்டாம் முறை சொன்னார். மூன்றாவதுக்கு வாயெடுத்தபோது கிழவருக்கு இருமல் வந்து தொலைத்தது. பிரிகாவின் கால் வெடவெடவென்று நடுங்கியது. செத்தாலும் விட மாட்டேன் என்று நின்றாள். இருமல் அடங்கி, மூன்றாம் முறையும் சொல்லி முடித்தார்.

"கால் மடங்குற இந்த இடத்துக்கு இன்னிக்கே பேர் வைக்கிறேன். குளூனோஸ்!"

"குளூனோஸ்! குளூனோஸ்!" என்று ஊரே ஆர்ப்பரித்தது. பிரிகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளையோ பசியில் எல்லோரையும்விடச் சத்தமாக வீறிட்டது.

அந்தப் பேரை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் அயர்லாந்துக்காரர் வாயிலும் வேல்ஸ்காரர் வாயிலும் அதன் பேரப்பிள்ளைகளான சொற்கள் பிழைத்துக் கிடந்தன. பண்டிதர்கள் அவற்றின் முகஜாடையை வைத்தே பாட்டன் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கதுமாரர் சொன்ன அன்று முதல்தான் முழங்காலுக்குப் பேர். இன்றைக்கும் பண்டிதர்கள் அதை எழுதும்போது, எந்த ஏட்டிலும் இல்லாமல் ஊகித்து மீட்ட சொல் என்பதற்கு அடையாளமாக, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டுத்தான் எழுதுகிறார்கள்.